விபத்து வழக்கை அடகு வைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

தொப்பூர் கணவாயில் தொடங்கி தருமபுரி, காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் என்று போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் அடிபட்டவர்களின் குடும்பங்களை விபத்தைவிட அதிகமாக முடக்கிப்போடுவது அதற்குப் பின்வரும் காத்திருப்பு. எம்.சி.ஓ.பி. எண் (விபத்து இழப்பீட்டு மனுவின் எண்) விழுந்துவிடும், வாய்தா மேல் வாய்தா போகும். அடிபட்டவர் கட்டிலில் கிடக்க, பள்ளிக் கட்டணமும் வாடகையும் பெங்களூரு மருத்துவமனையின் பாக்கியும் காத்திருக்காது. அந்த இடைவெளியில்தான் ஒருவர் வந்து, "கேஸ் வருமில்லே, அதை வெச்சு இப்பவே ரெண்டு லட்சம் வாங்கிக்குங்க" என்கிறார். அந்தக் கையெழுத்தில் என்ன போகிறது, கையெழுத்துப் போடாமலே என்னென்ன பணம் கிடைக்கும் என்று நம் இரு மாவட்ட வாசகர்களுக்குச் சொல்வதற்காகவே இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதி தெரிந்தால் இழப்பு இன்னும் பெரிதாகும் விஷயம் இது.

வழக்கின் மேல் தரப்படும் பணம் பெரும்பாலும் மூன்று உருவங்களில் வருகிறது. புரோநோட்டும் வெற்றுக் காசோலையும் வாங்கிக்கொண்டு மூன்று வட்டி, ஐந்து வட்டி என்று தருவது ஒன்று. "செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம், வர்றதுல நூத்துக்கு முப்பது எங்களுக்கு" என்று பங்கு பேசுவது இன்னொன்று. பணமாக எதுவும் தராமல், ஆம்புலன்ஸ் வாடகையும் மருந்துச் செலவும் கொடுத்துவிட்டு, வக்காலத்தில் கையெழுத்தும் மருத்துவத் தாள்களின் கட்டும் வாங்கிக்கொண்டு போவது மூன்றாவது. இந்த மூன்றாவதைக் கடன் என்று யாரும் நினைப்பதில்லை, உதவி என்றே நினைக்கிறார்கள். கணக்கு கேட்கும் நாளில்தான் அது எவ்வளவு பெரிய கடன் என்று தெரிகிறது.

கணக்கைப் பார்ப்போம். 2 லட்சம் ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 6,000. வழக்கு மூன்று ஆண்டு நடந்தால் வட்டி மட்டும் 2,16,000. வட்டிக்கு வட்டி போடுபவராக இருந்தால் அதே 2 லட்சம் அதே மூன்று ஆண்டில் சுமார் 5 லட்சத்து 80 ஆயிரமாக நிற்கும். இழப்பீட்டுத் தொகைக்கு நம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் வழக்கமாகத் தரும் வட்டி ஆண்டுக்கு 7.5 சதவீதம், அதுவும் தனிவட்டி, மனு போட்ட நாளிலிருந்து. 2 லட்சத்துக்கு மூன்று ஆண்டில் 45,000 ரூபாய். நீதிமன்றம் 45,000 தரும் காலத்துக்கு வெளியில் 2 லட்சத்துக்கு மேல் கட்டுகிறோம். வழக்கு இழுக்க இழுக்க நமக்கு வட்டி ஏறுகிறது என்று சமாதானம் சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். வழக்கு தோற்றால் என்ன ஆகும்? புரோநோட்டு எழுதிக் கொடுத்திருந்தால் தோற்றாலும் கடன் அப்படியே நிற்கும். காசோலை கொடுத்திருந்தால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் குற்ற வழக்கும் வரும். "கேஸ் ஜெயிச்சா மட்டும் குடுங்க" என்று வாயால் சொன்னது எந்தத் தாளிலும் இருக்காது.

அமெரிக்காவில் இதே தேவைக்கு ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது. காயம்பட்டவரின் வழக்கு முடியும் முன்பே நிறுவனங்கள் பணம் தருகின்றன. வழக்கு தோற்றால் திருப்பிக் கேட்க முடியாது என்பது அந்த ஒப்பந்தத்தின் அடிப்படை. தோல்வியின் நட்டம் தங்களுடையது என்பதைச் சொல்லியே அவை கட்டணத்தைக் கடுமையாக ஏற்றின, மாநிலங்களும் ஒவ்வொன்றாகத் தலையிட்டன. ஒஹையோ மாநில உச்ச நீதிமன்றம் 2003-ல் அப்படியொரு ஒப்பந்தம் செல்லாது என்றது. பிறகு 2008-ல் அந்த மாநிலம் அதை அனுமதித்துச் சட்டம் இயற்றியபோது, மொத்தக் கட்டணத்தை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும், கையெழுத்திட்ட பின் ஐந்து வேலை நாளுக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுத்து ரத்து செய்துகொள்ளலாம் என்று விதித்தது. கொலராடோ உச்ச நீதிமன்றம் 2015-ல் "இது முதலீடு அல்ல, கடன்தான்" என்று சொல்லி, கடன் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. ஆர்கன்சாஸ் 2015-ல் ஆண்டுக்கு 17 சதவீதம் என்றும், மேற்கு வர்ஜீனியா 2019-ல் 18 சதவீதம் என்றும் உச்சவரம்பு வைத்தன. இல்லினாய்ஸ் 2022-ல் உரிமம் கட்டாயம் என்றது. ஆனால் ஆறு மாதத்துக்கு 18 சதவீதம் வரை விட்டுவிட்டது. அது என் பார்வையில் தாராளம் அதிகம்.

நம் ஊரில் அப்படி உரிமமும் இல்லை, உச்சவரம்பு எழுதிய தனிச் சட்டமும் இல்லை. அதற்காக எல்லாம் செல்லும் என்று ஆகிவிடாது. வழக்கு நடத்தப் பணம் கொடுத்துப் பங்கு பேசுவதைத் தடுக்கும் பழைய இங்கிலாந்துச் சட்டம் இந்தியாவுக்குப் பொருந்தாது என்று 1876-லேயே அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது. ஆனால் பேராசையான, நியாயமற்ற ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஏற்காது என்றும் அதே தீர்ப்பில் சேர்த்துச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் போன ஏ.கே. பாலாஜி வழக்கில் 2018-ல் வந்த தீர்ப்பும், வழக்கறிஞர் அல்லாத மூன்றாம் ஆள் வழக்குக்குப் பணம் தருவதற்குத் தடை இல்லை என்று குறிப்பிட்டது. ஆகவே மாமனோ நண்பரோ நியாய வட்டிக்குத் தருவதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் வழக்குத் தொடரும் உரிமையை மட்டும் தனியாக விற்க முடியாது. சொத்து மாற்றுச் சட்டம் 6-ஆம் பிரிவின் உ-உட்பிரிவு அதைத் தடுக்கிறது. "கேஸையே எழுதிக் குடுத்துடுங்க" என்று கேட்பவர் வாங்க முடியாத பொருளுக்கு விலை பேசுகிறார்.

வழக்கறிஞர் விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 20-ஆவது விதி, வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும் வரும் தொகையில் பங்கு கேட்பதையும் தடுக்கிறது. 32-ஆவது விதி, தான் நடத்தும் வழக்குக்காகக் கட்சிக்காரருக்கு வழக்கறிஞர் கடன் கொடுக்கக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2017-ல் பி. சுனிதா எதிர் தெலங்கானா மாநிலம் என்ற வழக்கில் இதை நேராகவே எடுத்துப் பேசியது. கணவரை விபத்தில் இழந்த பெண்ணிடம் இழப்பீட்டில் சதவீதக் கணக்கில் கட்டணம் கேட்டு வாங்கிய காசோலை திரும்பியதற்காக அவர் மேல் வழக்குப் போடப்பட்டிருந்தது. சதவீதக் கட்டணம் பொது நலக் கொள்கைக்கு முரண் என்று சொல்லி அந்தக் காசோலை வழக்கையே நீதிமன்றம் ரத்து செய்தது. நம் பக்கத்தில் "நூத்துக்கு இருபது" என்பது எழுதாத விதி போலவே பேசப்படுவதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வழக்கறிஞரின் உழைப்புக்குக் கட்டணம் உண்டு, அதைத் தொகையாகப் பேசி, எழுதி, ரசீது வாங்குங்கள். நேர்மையாக நடத்தும் வழக்கறிஞர்கள் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் இதைக் கேட்டு வருத்தப்பட மாட்டார்கள்.

கட்டணப் பாக்கிக்காக வழக்குத் தாள்களின் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் வழக்கறிஞருக்கு உரிமை இல்லை. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. கட்டணப் பாக்கி இருந்தால் அதற்குத் தனியே வழி உண்டு. முதல் தகவல் அறிக்கையையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பிணையாக வைத்துக்கொள்ள முடியாது.

கடன் தேவைப்படுவதே காத்திருப்பினால். அந்தக் காத்திருப்பைக் குறைக்கச் சட்டத்தில் போட்டிருக்கும் நாள் கணக்கை நம்மில் பலர் கேட்டு வாங்குவதில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் காவல் துறை முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 10 நாளுக்குள் பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவம் 2-ஐ அவர் கையில் தர வேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை. நம் பங்குக்கு நாம் வருமானம், குடும்பம், சிகிச்சை விவரங்களைப் படிவம் 6-ல் எழுதி 60 நாளுக்குள் விசாரணை அதிகாரியிடம் தர வேண்டும். இங்கேதான் பலருக்கும் சறுக்குகிறது. அடிபட்டவர் மருத்துவமனையில் இருக்கும்போது படிவம் 6 யாருக்கும் நினைவில் வராது. விரிவான அறிக்கை வருமானம் தெரியாமலே போகும். காப்பீட்டு நிறுவனம் குறைந்தபட்சக் கணக்கில் ஒரு தொகை சொல்லும். மோட்டார் வாகனச் சட்டம் 149-ஆம் பிரிவின்படி அந்த நிறுவனம் 30 நாளில் தன் தொகையைத் தீர்ப்பாயத்தின் முன் சொல்லியாக வேண்டும். நாம் ஏற்றால் அடுத்த 30 நாளில் பணம் வர வேண்டும். ஒழுங்காக நடந்தால் ஓராண்டுக்குள் முடியக்கூடிய வழி. 166-ஆம் பிரிவின்படி காவல் துறை அனுப்பும் அறிக்கையையே தீர்ப்பாயம் மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதை நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் நம் மனுவும் போயிருக்க வேண்டும்.

அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகத்தில் விபத்து நடந்தால் பெங்களூருவுக்கு அலைய வேண்டும் என்று சிலர் பயமுறுத்தி, அந்த அலைச்சலுக்குச் சேர்த்துப் பணம் பேசுகிறார்கள். தேவையில்லை. அடிபட்டவர் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம் என்று 166-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. தேன்கனிக்கோட்டைக்காரருக்கு ஓசூரோ கிருஷ்ணகிரியோ போதும்.

இனி மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். 164-ஆம் பிரிவில், யார் மேல் தவறு என்று நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் உண்டு. உடனடிப் பணம் என்று இதை எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஆலோசனை அடிக்கடி காதில் விழுகிறது. பழைய 140-ஆம் பிரிவு இருந்த காலத்தில் அந்தச் சிறு தொகையை வாங்கிக்கொண்டே பெரிய வழக்கையும் நடத்தலாம். இப்போது அப்படி இல்லை. 164-ன் தொகையை 149-ன் வழியாக ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் இருக்கும் மனு அற்றுப்போகும் என்று 166-ல் எழுதியிருக்கிறது. பழைய நினைப்பில் ஒரு கையெழுத்து, முழு வழக்கும் முடிந்தது.

எவ்வளவு போகும் என்று ஒரு கணக்கு. 38 வயது, மாம்பழக் கூழ் ஆலையில் சரக்கு ஏற்றும் தொழிலாளி, மாத வருமானம் 15,000, காயத்தால் பிழைப்புத் திறனில் 40 சதவீதம் போனது என்று வைப்போம். நிரந்தர வேலை இல்லாத, 40 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017 பிரணய் சேத்தி தீர்ப்பு. 15,000 என்பது 21,000 ஆகும். ஆண்டுக்கு 2,52,000. 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கெண் (ஆண்டு வருமானத்தைப் பெருக்க வயதுக்கேற்ப வைத்திருக்கும் எண்) 15, இது 2009 சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணை. 37,80,000 வரும். அதில் 40 சதவீதம் 15,12,000. இதன் மேல் மருத்துவச் செலவு, வலி வேதனை, உடனிருந்து பார்த்தவருக்கான செலவு, வட்டி. இதற்குப் பதிலாக இரண்டரை லட்சத்தை ஏற்பது எந்த நிலையில் சரி? நம் பக்கமே தவறு இருந்து, 166-ல் எதிர்த்தரப்பின் கவனக்குறைவை நிரூபிக்கவே முடியாது என்றால் சரி. காயம் சட்டப்படி கொடுங்காயம்தான், ஆனால் முழுக்கக் குணமாகி வேலைக்குத் திரும்பிவிட்டார் என்றாலும் யோசிக்கலாம். மற்றபடி கணக்குப் போடாமல் ஏற்காதீர்கள்.

பெருக்கெண் முழு அட்டவணையையும் இங்கே எழுத இடமில்லை. 25 வயது வரை 18, 26 முதல் 30 வரை 17, 45-ஐ எட்டும்போது 14, 55-க்கு 11, 60-க்கு 9 என்பது நினைவில் இருந்தால் எந்தத் தொகை பேரம் பேசப்படும்போதும் நாமே ஒரு தோராயம் போட்டுவிடலாம். இறப்பு வழக்கானால் இறந்தவர் தனக்காகச் செலவழித்திருப்பார் என்று ஒரு பங்கு கழிப்பார்கள். திருமணமானவருக்குச் சார்ந்தவர் இரண்டு மூன்று பேர் என்றால் மூன்றில் ஒன்று, நான்கு முதல் ஆறு பேர் என்றால் நான்கில் ஒன்று, திருமணமாகாதவருக்குப் பாதி. காயத்துக்கு அந்தக் கழிவு கிடையாது.

ஊனச் சதவீதத்தில் நடக்கும் குழப்பம் தனி. மருத்துவக் குழு தரும் சான்று ஒரு உறுப்புக்கான சதவீதமா, முழு உடலுக்கானதா என்று முதலில் பாருங்கள். 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில், மருத்துவச் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாக எடுக்கக் கூடாது, அவர் செய்த வேலையை வைத்துப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. முழங்கால் மடங்காத ஒருவர் கணக்கு எழுதுபவரானால் இழப்பு குறைவு, டிப்பர் லாரி ஓட்டுபவரானால் பிழைப்பே போயிற்று. ஆனால் அவர் டிப்பர் ஓட்டினார் என்று காட்ட ஓட்டுநர் உரிமம், சம்பளப் பட்டுவாடா, ஜி.பே. வரவு, முதலாளியின் சாட்சியம் இருக்க வேண்டும். விவசாயக் கூலிக்கும் தக்காளி மண்டி சுமைத் தொழிலாளிக்கும் ரசீது இருக்காது என்பது உண்மைதான். நல வாரிய அட்டை, வங்கிப் புத்தக வரவு, மகளிர் குழுக் கடன் தவணை கட்டிய பதிவு இவையெல்லாம்கூட உதவும். பெங்களூரு மருத்துவமனைகளில் வெளியேறும் அன்றே அசல் பில், மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே படம், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு போனால் நகல்தான் கிடைக்கும், நகலுக்கும் இரண்டு முறை அலைய வேண்டும்.

அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் எழுதும் முதல் வரியை உடனிருப்பவர் படித்துப் பார்க்க வேண்டும். "தானாக விழுந்தார்" என்று அவசரத்தில் எழுதப்பட்டுவிட்டால் எதிர் வாகனத்தின் மேல் வழக்கை நிலைநிறுத்துவது பெரும்பாடு. மோதிய வண்டியின் எண், அது போன திசை, நேரம் அதில் வர வேண்டும்.

கடன் வாங்கும் முன் தேட வேண்டிய வேறு பணம் இருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழ்நாடு அரசின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. மத்திய அரசின் 2025 திட்டம் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, பணம் கட்டாமல் சிகிச்சை தரச் சொல்கிறது. இவை மருத்துவமனைச் செலவுக்கு. கைப்பணத்துக்கு வருவோம். அடிபட்டவர் தன் சொந்த பைக்கை ஓட்டியவரானால், அவரது காப்பீட்டுப் பத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். "உரிமையாளர் - ஓட்டுநர் தனிநபர் விபத்து" என்ற பகுதி 15 லட்சத்துக்கு இருக்கலாம். இறப்புக்கும் இரண்டு உறுப்பு போனதற்கும் முழுத் தொகை, ஒரு கை, கால் அல்லது ஒரு கண் போனால் பாதி, அதாவது ஏழரை லட்சம். தவறு யார் மேல் என்ற கேள்வியே அங்கு இல்லை. வேண்டியது செல்லத்தக்க உரிமமும், வண்டி அவர் பெயரில் இருப்பதும். பழைய வண்டி வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டுபவர்கள் இதை இழக்கிறார்கள். அந்தப் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

வங்கிப் புத்தகத்தில் மே மாதக் கடைசியில் 20 ரூபாய் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் இருக்கிறார். இறப்புக்கும் இரு உறுப்பு இழப்புக்கும் 2 லட்சம், ஓர் உறுப்புக்கு 1 லட்சம். அதே வங்கிக் கிளையில் 30 நாளுக்குள் படிவம் கொடுக்க வேண்டும். கணக்கு வைத்திருந்தவர் கட்டிலில் கிடப்பதால் இந்த 30 நாள் யாருக்கும் தெரியாமல் ஓடிவிடுகிறது. இப்படிக் காப்பீட்டில் வந்த தொகையைத் தீர்ப்பாயம் இழப்பீட்டில் கழிக்கக் கூடாது என்பது 1998 ஹெலன் ரெபெல்லோ தீர்ப்பின் வழி வந்த நிலை. ஆகவே "அதை வாங்கினா கேஸ்ல குறையும்" என்று சொல்வதை நம்ப வேண்டாம். ஓசூர், பர்கூர் சிப்காட் தொழிலாளர்கள் ஈ.எஸ்.ஐ. பலனைக் கேளுங்கள், ஆனால் வேலையின்போது நடந்த விபத்தாகக் கணக்கிட்டுப் பலன் வாங்கினால் தீர்ப்பாய வழக்குக்குத் தடை வரக்கூடும் என்பதால் கையெழுத்துக்கு முன் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். லாரி ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் தொழிலாளர் இழப்பீட்டு வழியும் உண்டு. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. இதற்கு நீதிமன்றம் போக வேண்டாம். கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி, அரூர் கோட்டாட்சியர் அலுவலகங்களில் முதல் தகவல் அறிக்கை நகல், வங்கிப் புத்தகம், அடையாள அட்டை, சிகிச்சைத் தாள் அல்லது இறப்புச் சான்றோடு படிவம் 1 கொடுத்தால் போதும். இரவில் நெடுஞ்சாலை ஓரம் நடந்து போனவர்களின் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். இந்த மனுவுக்குப் பங்கு கேட்பவர் யாராக இருந்தாலும் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசமாக முடிப்பது நல்ல வழி, கணக்கோடு போனால். அங்கு எழுதப்படும் முடிவுக்கு மேல்முறையீடு இல்லை. அதுவரை ஏறிய வட்டியை விட்டுவிடச் சொல்லி ஒரு முழுத் தொகை பேசுவார்கள். முன்னால் சொன்னபடி ஒரு தாளில் நம் தொகையைப் போட்டு எடுத்துப்போய், எவ்வளவு விட்டுக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே விட்டுக் கொடுக்க வேண்டும். தலைக்கு மேல் வட்டிக் கடன் இருப்பவர் அன்று மாலைக்குள் பணம் வேண்டும் என்ற அவசரத்தில் பாதிக்குத் தலையாட்டுவார். வழக்கின் மேல் வாங்கிய கடன் செய்யும் பெரிய கேடு இதுதான். வட்டியாகப் போவதைவிட, பேரத்தில் போவது அதிகம்.

தீர்ப்பு வந்த பிறகும் இரண்டு இடங்களில் பணம் ஒழுகும். காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு போனால் எல்லாம் நின்றுவிட்டது என்று சொல்லி மறுபடி கடன் தர வருவார்கள். மேல்முறையீட்டில் தடை கேட்கும் நிறுவனத்தை உயர் நீதிமன்றம் வழக்கமாகத் தொகையைக் கட்டச் சொல்லும். கட்டிய தொகையில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள நாம் மனு போடலாம். தகராறில் உள்ள தொகை 1 லட்சத்துக்குக் குறைவென்றால் மேல்முறையீடே கிடையாது. நிறுவனம் கட்டாமல் இழுத்தால் 174-ஆம் பிரிவில் சான்று வாங்கி, நில வரி பாக்கி போல ஆட்சியர் மூலம் வசூலிக்கலாம்.

இரண்டாவது இடம் வங்கிக் கணக்கு. இழப்பீட்டை நேரடியாக உரியவர் கணக்கில் செலுத்த வேண்டும் என்று 2025 மார்ச்சில் பர்மிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது நல்ல ஏற்பாடு. அதைத் தாண்டுவதற்கு இடையில் நிற்பவர்கள் கண்டுபிடித்த வழி, "கேஸுக்காக" என்று புதுக் கணக்கு திறக்க வைத்து, பாஸ்புக், ஏ.டி.எம். அட்டை, கையெழுத்திட்ட பணம் எடுக்கும் சீட்டு, சிம் கார்டு எல்லாவற்றையும் தங்களிடம் வைத்துக்கொள்வது. உங்கள் பழைய கணக்கின் எண்ணையே மனுவில் கொடுங்கள். குறுஞ்செய்தி வரும் கைபேசி எண் வீட்டில் இருக்கட்டும். பொது அதிகாரப் பத்திரம் எதுவும் எழுதாதீர்கள். பிள்ளைகள் பங்கு 18 வயது வரை வைப்பில் இருக்கும். அதன் மேல் தீர்ப்பாய உத்தரவின்றிக் கடனும் கிடையாது, முன்கூட்டி எடுப்பதும் கிடையாது. 1993 சூசம்மா தாமஸ் தீர்ப்பின் காவல் அது, அதைத் தொல்லை என்று நினைக்க வேண்டாம்.

ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் என்ன செய்வது? கொடுத்த தாள்களின் பட்டியலை எழுதுங்கள்: எத்தனை வெற்றுத்தாள், எந்தக் காசோலை எண், எந்தத் தேதி, கையில் வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு. கட்டிய ஒவ்வொரு தொகையும் இனி வங்கி வழியாகவோ ஜி.பே. வழியாகவோ போகட்டும். 2003-ஆம் ஆண்டு அதிக வட்டி வசூலிப்புத் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டலுக்கு மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. நியாய வட்டியோடு கடன் தொகையை நீதிமன்றத்தில் கட்டி விடுபடவும் அதில் வழி இருக்கிறது. வீட்டுக்கு வந்து மிரட்டுவதற்கு எதிராக 2025-ல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி நீதிமன்ற வளாகங்களில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஊனத்துக்குச் சான்று பெற்றவர் மாற்றுத்திறனாளி என்ற வகையில் அதற்குள் வருகிறார் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

தமிழ்நாடு அரசுக்கு ஒரு கோரிக்கை. வழக்கின் மேல் பணம் தருவதைத் தடை செய்யச் சொல்லவில்லை. தடை செய்தால் அது இருட்டுக்குள் போய் வட்டி இன்னும் ஏறும். தருபவர் பதிவு செய்ய வேண்டும், மொத்தம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது தமிழில் ஒரே தாளில் இருக்க வேண்டும், வழக்கு தோற்றால் கடன் தள்ளுபடி, வட்டிக்கு உச்சவரம்பு, ஐந்து நாளில் ரத்து உரிமை, தீர்ப்பாயத்தில் அந்த ஒப்பந்தத்தைத் தாக்கல் செய்வது, இவ்வளவும் ஒரு சிறு சட்டத்தில் அடங்கும். இதோடு 164-ஏ பிரிவில் இடைக்கால நிவாரணத் திட்டம் கொண்டுவர மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. அந்தத் திட்டம் உருப்படியாக வந்தால் வழக்கை அடகு வைக்கும் தேவையே பாதி குறையும். நம் இரு மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும்.

அதுவரை காவல் நிலையங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 10 நாளுக்குள் தர வேண்டிய அந்தப் படிவம் 2-ஐ, தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் அச்சிட்டு, கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு வாசலிலும் ஓசூர் அரசு மருத்துவமனையிலும் வையுங்கள். தளியிலும் வேப்பனப்பள்ளியிலும் வீட்டில் தமிழ் பேசாத குடும்பங்கள் நிறைய. அவர்களிடம் முதலில் போய்ச் சேருவது அந்தத் தாளாக இருக்கட்டும், புரோநோட்டாக இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
விபத்து வழக்குப் பணியில் உள்ள வாசகர்கள்,
கிருஷ்ணகிரி